சீட்டுப் பணம் 25,000 ரூபாய், மகள் கேட்பது கேமரா

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தெருவையும் தவிர்த்துவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவர் விசைத்தறியில் கைலி நெய்கிறார். இவர் காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். மூத்த மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அம்மாவின் செல்போனில் படம் எடுத்துப் பழகியவள். ஆனால் அம்மா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போனும் கிளம்பிவிடுகிறது. அது மகளின் கைக்கு வரும்போது பொழுது சாய்ந்து விளக்கேற்றியிருப்பார்கள். "எனக்கு ஒரு கேமரா வேண்டும்" என்று இந்த ஆண்டு முதன்முறையாக வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். சீட்டு எடுத்த பணத்தில் 25,000 ரூபாயை அம்மா ஒதுக்கி வைத்திருக்கிறார்.

அதன்பிறகு ஆளுக்கொரு யோசனை. கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் நண்பர் விற்கும் பழைய ஃபுல் ஃபிரேம் கேமராவை 45,000 ரூபாய்க்கு முடித்துவிடலாம், மீதியைத் தவணையில் கட்டலாம் என்கிறார் தாய்மாமன். வேலூரில் விசாரித்த கடையில் புதிய டி.எஸ்.எல்.ஆர். கேமரா (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய வகை) 42,000 ரூபாய், வட்டியில்லாத் தவணை உண்டு என்றிருக்கிறார்கள். ஆன்லைனில் '48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம்' என்று ஒரு சிறிய கேமரா 5,500 ரூபாய்க்கே கிடைக்கிறது. அப்பாவோ, "450 மதிப்பெண் எடுக்கட்டும், பிறகு பார்க்கலாம், பெண் பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைவதா?" என்கிறார்.

"பழையது வாங்கினால் ஏமாந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. வாங்கினால் ஒரே தடவையில் பெரியதாக, நல்லதாக வாங்கிவிட வேண்டும். மறுபடியும் செலவு செய்ய எங்களால் முடியாது" என்று முடிக்கிறது கடிதம். மகள் எடுத்த ஆறு படங்களையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நான் வேலூரில் ஸ்டூடியோ நடத்துகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புகைப்படக்கலை சொல்லியும் கொடுக்கிறேன். எந்த கேமரா என்று கேட்டு வரும் பெற்றோரிடம் பெரும்பாலும் பணக் கணக்கு மட்டுமே இருக்கும். நீங்கள் மகளின் படங்களை அனுப்பியது மிகவும் நல்லது. உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்த ஆறு படங்களிலேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஆறு படங்கள் சொல்வது

முதல் படத்தில் தாத்தாவின் கைத்தறி. கூரை ஓட்டின் இடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில் இறங்கி, நாடாவைப் பிடித்த விரல்கள் மேல் விழுகிறது. முகம் இருட்டில் இருக்கிறது. விரல் நகத்தில் ஒட்டிய சாயம் வரை தெரிகிறது. முகத்தில் ஃபிளாஷ் அடிக்காமல், கைகளுக்குப் போதும் என்று நிறுத்திக்கொள்ள 15 வயதுப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். இரண்டாவதில் கொடியில் காயும் சாய நூல். மூன்றாவதில் பாயில் தூங்கும் தங்கை. நான்காவதும் ஐந்தாவதும் அடுப்படியில் நீங்களும் தறிக்கூடத்தில் உங்கள் கணவரும். ஆறாவது, தொலைவில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவை. போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுத்ததால் கலங்கிப்போயிருக்கிறது.

"ஜூம் அதிகமாக இருக்கும் கேமரா வேண்டும் என்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கலங்கிய பறவைதான் அவளை அப்படிக் கேட்க வைத்திருக்கிறது. ஆனால் மற்ற ஐந்து படங்களும் இரண்டு மூன்று அடி தூரத்தில், வீட்டுக்குள், குறைந்த வெளிச்சத்தில் எடுத்தவை. அவள் மனம் அங்கேதான் நிற்கிறது. அவளுக்குத் தேவைப்படுவது மங்கிய வெளிச்சத்தைத் தாங்கும் கேமரா. நீண்ட ஜூம் லென்ஸுக்குப் பணத்தைக் கொட்டினால், தறிக்கூடத்தில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குறைந்த விலை ஜூம் லென்ஸ்களை நன்றாக நீட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும், கை நடுக்கமும் படத்தில் பெரிதாகத் தெரியும்.

'செல்போன் எல்லாம் கேமரா ஆகுமா' என்று மாமன் கேட்டாராம். ஆகும். அந்த முதல் படமே சாட்சி. உங்கள் மகளுக்கென்று ஒரு போன் இருந்திருந்தால், இன்னும் ஓராண்டு அதிலேயே எடுக்கட்டும் என்றுதான் எழுதியிருப்பேன். இங்கே சிக்கல் வேறு: கருவி அம்மாவுடையது, வெளிச்சம் இருக்கும் நேரத்தில் அது வீட்டில் இல்லை. அதற்காகப் புதிய போன் வாங்கித் தருவதைவிட கேமரா வாங்கித் தருவது மேல். அதில் குறுஞ்செய்தியும் வராது, விளையாட்டும் கிடையாது.

மூன்று யோசனைகளும் ஏன் வேண்டாம்

5,500 ரூபாய்க் கேமராவை உடனே மறந்துவிடுங்கள். பெயர் தெரியாத இந்தக் கேமராக்களில் இருக்கும் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு), சாதாரண போனில் இருப்பதைவிட மேலானதாக இருப்பது அரிது. குறைந்த புள்ளிகளில் எடுத்த படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கித்தான் '48 மெகாபிக்சல்' என்று அட்டையில் அச்சடிக்கிறார்கள். '16 மடங்கு ஜூம்' என்பதும் உங்கள் மகள் போனில் விரலால் இழுத்ததே. பல மாடல்களில் ஃபோகஸ் செய்யும் வசதிகூட இருக்காது. பெட்டியைத் திறந்த வாரமே பிள்ளை ஏமாந்துபோவாள். தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

மெகாபிக்சல் (ஒன்று என்றால் பத்து லட்சம் புள்ளி) பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். கல்யாண ஆல்பத்தில் வரும் 12க்கு 18 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட 19 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் போதும். 200 புள்ளி என்றால் 9 மெகாபிக்சலே போதும். ஆகவே 18 அல்லது 24 மெகாபிக்சல் உள்ள பழைய கேமரா அவளுக்குத் தாராளம்.

மாமன் சொல்லும் ஃபுல் ஃபிரேம் கேமரா நல்ல கருவி, மறுக்கவில்லை. அதன் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், சாதாரண டி.எஸ்.எல்.ஆரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பரப்பு. மங்கிய வெளிச்சத்தில் அது ஒரு படி மேல்தான். ஆனால் கல்யாண வேலைக்கான ஜூம் லென்ஸை மாட்டினால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். பிள்ளை அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கும் பள்ளித் தோழி வீட்டுக்கும் போக மாட்டாள். பீரோவில்தான் இருக்கும். தவிர, கல்யாண சீசனில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்த ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் திரை) அது. அடுத்து ஒரு லென்ஸ் வேண்டுமென்றால், அந்த வகைக்கு விலையும் கூடுதல்.

கடையில் சொன்ன புதிய கேமராவில் குறை ஒன்றுமில்லை. கையில் 42,000 இருந்தால் வாங்கலாம். உங்களிடம் இல்லை. 'வட்டியில்லா' தவணை என்றால், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டுப் பாருங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். தறி வேலை ஒரு மாதம் சுணங்கினாலும் தவணை நிற்காது. அப்போது வீட்டில் எல்லோர் கோபமும் அந்த கேமரா மேல்தான் திரும்பும். ஒரு பிள்ளையின் ஆசை மேல் அப்படி ஒரு கடனை ஏற்றி வைக்காதீர்கள்.

'ஒரே தடவையில் பெரியதாக' என்ற எண்ணத்தையும் மென்மையாகவே மறுக்கிறேன். முதல் கேமரா என்பது கற்றுக்கொள்ள. குழந்தைக்கு இரண்டு அளவு பெரிய செருப்பை வாங்கினால் நடக்கவே வராது, அதேதான் இங்கும். இரண்டு மூன்று ஆண்டு கழித்து அவள் வேறு கேமரா கேட்கலாம், இந்த ஆசையே இல்லாமலும் போகலாம். எதுவானாலும் நியாயமான விலைக்கு வாங்கிய பழைய கேமராவை விற்றால் போட்ட பணத்தில் கணிசமான பங்கு திரும்ப வரும்.

25,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது

தொழில்முறைக்காரர்கள் பலர் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கு மாறிவிட்டார்கள். அதனால் நல்ல நிலையில் உள்ள தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் குறைந்த விலைக்குச் சந்தைக்கு வருகின்றன. உங்களைப் போன்ற குடும்பத்துக்கு இது நல்ல வாய்ப்பு. நிக்கானில் டி3300, டி3400, டி3500 ஆகியவை (மூன்றும் 24 மெகாபிக்சல்). கேனானில் 1300டி (18 மெகாபிக்சல்), 1500டி (24 மெகாபிக்சல்). இவற்றில் எது சுத்தமான நிலையில் கிடைக்கிறதோ அதை, வழக்கமாகக் கேமராவோடு வரும் 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸோடு வாங்குங்கள். 17,000 அல்லது 18,000 ரூபாய்க்கு மேல் போகாதீர்கள். கம்பெனிச் சண்டையில் இறங்க வேண்டாம். மாடலைவிட நிலைமை முக்கியம்.

அசலான 32 ஜிபி மெமரி கார்டு, ஒரு நல்ல பை, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் ஆகியவற்றுக்கு 2,000 ரூபாய் ஒதுக்குங்கள். மீதி 5,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். ஆறு மாதம் அவள் விடாமல் எடுத்தால், அதோடு கொஞ்சம் சேர்த்து ஒரு சிறிய லென்ஸ் வாங்கலாம்: நிக்கான் என்றால் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8, கேனான் என்றால் 24 மில்லிமீட்டர் எஃப் 2.8. எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். இவை ஜூம் ஆகாதவை. ஆனால் அந்த நிக்கான் 35, கேமராவோடு வரும் லென்ஸ் அதே கோணத்தில் உள்ளே விடும் வெளிச்சத்தைப் போல் சுமார் ஆறு மடங்கு விடும். தாத்தாவின் தறிக்கு அதுதான் லென்ஸ். கடைக்காரர்கள் வழக்கமாகக் கைகாட்டும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் மலிவு, தரமானது. ஆனால் இந்தக் கேமராக்களில் அது காட்சியைக் குறுக்கிவிடும். உங்கள் வீட்டு அறையில் சுவரோடு முதுகை ஒட்டினாலும் பின்னால் போக இடம் போதாது.

நிக்கான் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன மூன்றின் உடலிலும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸ் மேல் ஏஎஃப்-எஸ் (AF-S) அல்லது ஏஎஃப்-பி (AF-P) என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்களை மலிவாகத் தருகிறேன் என்றால், மாட்டலாம். தானாக ஃபோகஸ் ஆகாது.

பழையது வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் பழைய கேமராவைச் சோதிக்க நிபுணர் வேண்டியதில்லை. பகல் வெளிச்சம், ஒரு டார்ச், உங்களுடைய மெமரி கார்டு, அரை மணி நேரம் இருந்தால் போதும். அவசரப்படுத்துகிற ஆளிடம் வாங்காதீர்கள்.

லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். இரண்டொரு தூசி பரவாயில்லை. சிலந்தி வலை போலவோ, வேர் பிரிந்தது போலவோ வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பிறகு லென்ஸை மாட்டி, எஃப் 16 வைத்து, தெளிந்த வானத்தை ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்ய முடியும், அதற்குரிய பணத்தை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். கோடாகவோ கீறலாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள். மிக வேகமான ஷட்டரில் நாலைந்து படம், மிக மெதுவானதில் நாலைந்து படம். படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழக்கூடாது. அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று என மாறி மாறி ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸ் திணறி முன்னும் பின்னும் அலையக்கூடாது. ஃபிளாஷ் எழும்புகிறதா, எல்லாப் பொத்தான்களும் வேலை செய்கின்றனவா, கார்டு செருகும் இடத்தில் ஊசிகள் வளையாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பேட்டரியை வெளியே எடுத்து மேசையில் வையுங்கள். உப்பியிருந்தால் ஆடும்.

ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பது வண்டியின் கிலோமீட்டர் கணக்கு போன்ற விவரம். நிக்கானில் அந்த எண் ஒவ்வொரு படத்தோடும் பதிவாகிறது. எடுத்த படத்தைக் கணினியில் திறந்து, விவரம் காட்டும் இலவச மென்பொருளில் பார்க்கலாம். இந்த வகைக் கேமராக்களின் ஷட்டர் பொதுவாக ஒரு லட்சம் முறை வரை தாங்கும் என்ற கணிப்பில் செய்யப்படுகிறது. 30,000க்குள் இருந்தால் நல்லது. கேனானில் அந்த எண் படத்தோடு வராது. பிடியில் உள்ள ரப்பர், பொத்தான்களின் தேய்மானம் ஆகியவற்றை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

உரிமைகள் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பொருள் விற்கும் கடையில் ரசீதோடு வாங்கினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 'பழைய சாமானுக்குப் புகார் கிடையாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறையை மறைத்து விற்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அப்படியும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆனால் வியாபாரி அல்லாத ஒரு தனி மனிதரிடம், மாமனின் நண்பர் போன்றவரிடம் வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. அங்கே முன்னெச்சரிக்கைதான் பாதுகாப்பு. பழைய பில்லைக் கேளுங்கள். அதிலுள்ள வரிசை எண் கேமராவின் அடியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். திருட்டுப் பொருளைக் கையில் வாங்கிவிடக் கூடாதே. விலை, தேதி, வரிசை எண், இருவர் கையெழுத்து ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் மட்டும் அனுப்பச் சொல்லும் ஆன்லைன் விற்பனையாளர் பக்கமே போகாதீர்கள்.

வெயிலும் ஈரமும்

நம் ஊர் வெயிலில் பூட்டிய காரிலோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ கேமராவை வைக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை வரும். டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கச் சொல்லுங்கள். அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் வேண்டாம், மாவுத் தூசி உள்ளே போகும். நீங்கள் வேலை செய்யும் தொழிலைப் பார்த்தால், மகளுக்கு அழகான தோல் உறை ஒன்று தைத்துத் தர உங்களுக்குத் தோன்றலாம். வெளியே எடுத்துச் செல்லத் தோல் உறை சரி. வைத்திருக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி பறக்கும்போது லென்ஸைக் கழற்றவே கூடாது.

450 மதிப்பெண்ணும் அப்பாவின் பயமும்

கேமராவை மதிப்பெண்ணுக்குப் பரிசாக வைக்காதீர்கள் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். 449 வந்தால் என்ன செய்வீர்கள்? அந்தப் பிள்ளை தேர்விலும் தோற்றதாக நினைப்பாள், தனக்கு வாய்த்த கண்ணையும் இழந்ததாக நினைப்பாள். படிப்பு கெடும் என்ற கவலைக்கு வேறு வழி உண்டு. இப்போதே வாங்குங்கள், தேர்வு முடியும் வரை ஞாயிறு காலையும் மாலையும் மட்டும் என்று பேசி முடிவு செய்யுங்கள். அந்த முடிவில் அவளுடைய சம்மதமும் இருக்கட்டும். தேர்வுக்கு முந்தைய மாதம் டப்பா மூடியே இருக்கட்டும்.

பெண் பிள்ளை தெருவில் அலைவதா என்ற கேள்விக்கு, அவளுடைய படங்களைத்தான் மறுபடியும் காட்டுவேன். அவள் எடுப்பதெல்லாம் வீட்டையும் தறியையும்தான். முதல் ஆண்டுக்கு அதுவே போதுமான பாடப்பொருள். வெளியே போக ஆசைப்பட்டால் வேலூர்க் கோட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவே அழைத்துப் போகலாம். அகழி ஓரத்தில் காலை வெளிச்சம் நன்றாக இருக்கும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கருவறையில் படம் எடுக்கக் கூடாது. ஸ்ரீபுரம் பொற்கோயிலில் கேமராவை உள்ளே கொண்டுபோகவே விடமாட்டார்கள். வைகாசியில் உங்கள் ஊரில் அம்மன் தலையை எடுத்துவரும் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை எடுக்க அவள் துடிப்பாள். இந்த முறை அந்த நெரிசலுக்குள் வேண்டாம். தெரிந்தவர் வீட்டு மாடியில் நின்று எடுக்கட்டும்.

பிறரைப் படம் எடுக்குமுன் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் உடனே கேமராவைத் தாழ்த்த வேண்டும், தோழிகளின் படங்களை அவர்களையும் அவர்கள் பெற்றோரையும் கேட்காமல் எங்கும் பதிவிடக் கூடாது. இந்த மூன்றையும் கேமரா வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். இரண்டு ஆண்டு முடியும் வரை 'கல்யாணத்துக்கு வந்து நாலு படம் எடுத்துக் கொடு' என்று உறவினர் கூப்பிட்டால் நீங்களே மறுத்துவிடுங்கள். அந்தப் பொறுப்பு இந்த வயதில் ஆசையைக் கொன்றுவிடும்.

வாங்கப் போகும் நாளில் அவளையும் அவள் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். மேலே சொன்ன சோதனைகளை அவளே செய்யட்டும். டார்ச்சை அப்பா பிடிக்கட்டும். கேமராவை அவள் கையில் கொடுத்து, வலது கையின் பிடி விரல்களுக்குப் பொருந்துகிறதா, ஆட்காட்டி விரல் பொத்தானைச் சிரமமில்லாமல் எட்டுகிறதா என்று கேளுங்கள். இரண்டு மாடல்கள் ஒரே நிலையில், ஒரே விலையில் கிடைத்தால் அவள் கைக்கு எது வசதியோ அதையே எடுங்கள்.